தாத்தாவோட பாஸ்புக்: செத்துப்போனவங்க கணக்குல இருக்கிற பணம் யாருக்கு?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னிக்கு எபிசோடு ஒரு டிரங்குப் பெட்டியில ஆரம்பிக்குது.

2023 ஆரம்பத்துல, அத்திப்பட்டுல தனியா இருந்த எங்க ஆயாவை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். அத்திப்பட்டுன்னு சொன்னதும் பாதிப் பேர் "சிட்டிசன் படத்துல வருமே, அந்த ஊரா"ன்னு கேப்பாங்க. அது அத்திப்பட்டி, அஜித் படத்துக்காக உருவாக்கின ஊர். இது நிஜ ஊர். சென்ட்ரல்ல கும்மிடிப்பூண்டி லோக்கல் ட்ரெயின் ஏறினா, எண்ணூர் தாண்டி வரும். வடசென்னை அனல்மின் நிலையத்தோட புகைபோக்கி, நிலக்கரி கொண்டுபோற பெல்ட்டு, கன்டெய்னர் லாரி, இதுக்கெல்லாம் நடுவுல வீடுங்க. அதுக்கும் அப்பால துறைமுகம். எங்க தாத்தா அந்த அனல்மின் நிலையம் கட்டுற காலத்துல ஒப்பந்தத் தொழிலாளியா வேலை பார்த்தவர். 1998-ல செத்துட்டார்.

வீட்டைக் காலி பண்ணும்போது பெட்டியோட அடியில, பழைய ரேஷன் கார்டுக்குள்ள மடிச்சு வெச்சிருந்த ஒரு பாஸ்புக் கிடைச்சுது. 1991-ல ஆரம்பிச்ச சேமிப்புக் கணக்கு. கடைசி வரியில பேனாவுல எழுதின இருப்பு 6,840 ரூபாய். நாமினின்னு இருக்கிற இடம் காலி.

"ஆயா, இது உனக்குத் தெரியுமா?"ன்னு கேட்டேன்.

"ஏன் தெரியாது? எனக்குக் கம்மல் வாங்க உங்க தாத்தா சேத்து வெச்ச துட்டு. அவர் போனப்புறம் ஒருதபா போய்க் கேட்டேன். கோர்ட்டு பேப்பர் எடுத்தா சொன்னாங்க. வந்துட்டேன்."

இருபத்தஞ்சு வருஷத்தை ஆயா அவ்ளோதான் சொல்லி முடிச்சிடுச்சு.

அந்தப் பணத்தை நான் வாங்கித் தரேன்னு சொன்னேன். ஒரு வாரத்துல முடிஞ்சிடும்னு நினைச்சேன். ஒரு வருஷம் ஆச்சு. அந்த ஒரு வருஷத்துல எனக்கு ஒரு கேள்வி வந்துச்சு: கணக்கு வெச்சிருந்தவர் செத்துட்டார், பொண்டாட்டி உயிரோட இருக்காங்க, இது ஊருக்கே தெரியும். அப்புறம் எதுக்கு கோர்ட்டு பேப்பர்? அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போனா, அது 1841 வரைக்கும் போகுது.

கவுன்டர்ல நடந்தது

முதல்ல பேங்க்கையே கண்டுபிடிக்கணும். பாஸ்புக்ல இருக்கிற பேங்க் இப்ப அந்தப் பேர்ல இல்ல, இன்னொரு பேங்க்கோட இணைஞ்சிடுச்சு. புது பேங்க்கோட கிளைக்குப் போனோம். பேர் சொல்லப் போறதில்ல, எந்த பேங்க்னாலும் இதான் நடந்திருக்கும்.

அவங்க ஒரு பட்டியல் கொடுத்தாங்க. இறப்புச் சான்றிதழ், வாரிசு சான்றிதழ், எல்லா வாரிசோட ஆதார், எங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கையெழுத்து, முத்திரைத் தாள்ல ஒரு பொறுப்புப் பத்திரம், அதுக்கு ரெண்டு பேர் ஜாமீன்.

இதுல நம்ம ஊருக்கே உரிய சிக்கல் ரெண்டு இருக்கு. ஒண்ணு இனிஷியல். பாஸ்புக்ல தாத்தா பேருக்கு முன்னாடி ஒரே ஒரு எழுத்து. இறப்புச் சான்றிதழ்ல அவங்க அப்பா பேர் முழுசா இருக்கு. ரேஷன் கார்டுல வேற மாதிரி. தமிழ்ல ஒரே பேர்தான், இங்கிலீஷ்ல மூணு ஸ்பெல்லிங். ரெண்டாவது, மாவட்டம். 1991-ல அத்திப்பட்டு செங்கல்பட்டு மாவட்டத்துல இருந்துச்சு. 1997-ல அதைப் பிரிச்சு திருவள்ளூர் மாவட்டம் வந்துச்சு. பாஸ்புக்ல ஒரு மாவட்டம், இறப்புச் சான்றிதழ்ல இன்னொரு மாவட்டம். தாத்தா வீடு மாறவே இல்ல. ஆனா பேப்பர்ல ரெண்டு ஊர்க்காரர் ஆயிட்டார்.

மூணாவது நாங்களே உண்டாக்கின சிக்கல், அதாவது தாமதம். 1998-ல வாங்கின வாரிசு சான்றிதழ்ல ஆயா, அப்பா, அத்தை, சித்தப்பான்னு நாலு பேர். நடுவுல சித்தப்பா போயிட்டார். அதனால அவர் பங்குக்குச் சித்தியும் அவங்க பொண்ணும் வரணும். நாலு கையெழுத்து அஞ்சாச்சு. வருஷம் ஆக ஆக பணத்தோட மதிப்பு குறையுது, கையெழுத்து எண்ணிக்கை கூடுது.

மூணாவது தடவை போனப்போ நான் கொஞ்சம் சத்தமா பேசிட்டேன். அங்க இருந்த அதிகாரி கோபப்படல. அவர் சொன்னது இதான்: "தம்பி, நீங்க சொல்றது உண்மைன்னு எனக்கும் தெரியுது. ஆனா நாளைக்கு இன்னொருத்தர் வந்து நான்தான் வாரிசுன்னு நின்னா, பேங்க் ரெண்டாவது தடவை கொடுக்கணும். அப்ப என்னைத்தான் கேப்பாங்க."

இந்த 'ரெண்டாவது தடவை கொடுக்கணும்'ங்கிற பயம் இருக்கே, அதான் இன்னிக்கு நம்ம கதை.

பேங்க் உங்க கடன்காரன்

நம்ம பணம் பேங்க்ல 'இருக்கு'ன்னு சொல்றோம். சட்டப்படி அப்படி இல்ல. 1848-ல இங்கிலாந்தோட பிரபுக்கள் சபை, ஃபோலி எதிர் ஹில்ங்கிற வழக்குல ஒரு தீர்ப்பு சொன்னது. நீங்க பேங்க்ல போடுற பணம் பேங்க்கோட பணம் ஆயிடுது. பதிலுக்கு பேங்க் உங்களுக்குக் கடன்பட்டிருக்கு. நீங்க கடன் கொடுத்தவர், பேங்க் கடன் வாங்கினவர். இந்தியாவிலும் இன்னிக்கு வரைக்கும் இதே நிலைதான்.

மெட்ராஸ்காரங்களுக்கு இது 1906-ல வலிக்க வலிக்கப் புரிஞ்சுது. அந்த வருஷம் அக்டோபர்ல அர்பத்நாட் கம்பெனி திவாலாச்சு. பணம் போட்டிருந்த ஆயிரக்கணக்கானவங்க தெருவுல நின்னாங்க. அவங்க பணம் ஏதோ ஒரு பெட்டியில பத்திரமா இல்ல, அவங்க கொடுத்த கடன் திரும்பி வரலைங்கிறது அப்பதான் தெரிஞ்சுது. அந்த அடிக்கு அப்புறம்தான் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் மாதிரியானவங்க முயற்சியில 1907 ஆகஸ்ட் 15 அன்னிக்கு இந்தியன் வங்கி ஆரம்பமாச்சு.

சரி, பேங்க் கடன்காரன்னு வெச்சுக்குவோம். கடன் கொடுத்தவர் செத்துட்டா, கடன்காரன் யார்கிட்ட திருப்பிக் கொடுக்கணும்? இந்தக் கேள்வி பேங்க்குக்கு மட்டும் உரியது இல்ல. ஒரு செட்டியார்கிட்ட கடன் வாங்கின மிராசுதாருக்கும், சரக்குக் கடன் வெச்சிருந்த பாரிமுனை வியாபாரிக்கும் இதே கேள்வி வந்துச்சு. செத்தவரோட மூத்த பையன் வந்து கேக்கறான். நாளைக்கு ரெண்டாவது பொண்டாட்டி வந்து கேட்டா?

1841: கொடுக்கிறவருக்குப் பாதுகாப்பு

கிழக்கிந்தியக் கம்பெனி அரசு 1841-ல இதுக்கு ஒரு சட்டம் போட்டது, அந்த வருஷத்தோட 20-ஆவது சட்டம். கோர்ட்டுல போய் மனு கொடுத்தா, விசாரிச்சு, 'செத்தவருக்கு வரவேண்டிய கடனை வசூல் பண்ண இவருக்கு அதிகாரம் உண்டு'ன்னு ஒரு சான்றிதழ் தருவாங்க. அந்தப் பேப்பரை நம்பிப் பணம் கொடுத்துட்டா கடன்காரன் பொறுப்பு முடிஞ்சுது. அப்புறம் வேற யார் வந்தாலும் அவங்க போய் அந்தச் சான்றிதழ் வாங்கினவர்கிட்ட கேட்டுக்கணும்.

இதே ஏற்பாடு 1860-ல திரும்ப எழுதப்பட்டது. 1889-ல 'வாரிசுரிமைச் சான்றிதழ்ச் சட்டம்'ங்கிற பேர்ல வந்தது. கடைசியா 1925-ல இந்திய வாரிசுரிமைச் சட்டத்துக்குள்ள பத்தாவது பகுதியா சேர்ந்தது. இன்னிக்கும் அமல்ல இருக்கிறது அதுதான். ஆயாகிட்ட 1998-ல 'கோர்ட்டு பேப்பர்'னு சொன்னாங்களே, அது இது.

தாலுகா ஆபீஸ்ல வாங்குற வாரிசு சான்றிதழும் இதுவும் வேற வேற. தாசில்தார் கொடுக்கிறது, இன்னாருக்கு இன்னார்லாம் வாரிசுன்னு சொல்ற பேப்பர். கோர்ட்டு கொடுக்கிறதுதான் பணம் கொடுக்கிறவரை சட்டப்படி முழுசா விடுவிக்கும்.

இந்தச் சட்டங்களோட நீளமான தலைப்புகளைப் படிச்சா ஒரு விஷயம் கண்ணுல படும். ரெண்டு நோக்கம் சொல்லியிருப்பாங்க. ஒண்ணு, இறந்தவருக்கு வரவேண்டிய கடனை வசூலிக்கிறதைச் சுலபமாக்குறது. ரெண்டாவது, இறந்தவர் தரப்புக்குப் பணம் கொடுக்கிறவங்களுக்குப் பாதுகாப்பு. அதாவது கொடுக்கிறவருக்குத்தான் பாதுகாப்பு. வாங்க வேண்டியவங்க எத்தனை நாள் காத்திருக்கலாம், அதுக்கு யார் பதில் சொல்லணும்ங்கிறது அந்தச் சட்டங்களோட கவலையே இல்ல.

நியாயமா பார்த்தா, இந்தப் பாதுகாப்பு வாரிசுகளுக்கும் ஒருவகையில உதவுது. பேங்க் கண்ணை மூடிட்டு முதல்ல வந்தவருக்குக் கொடுத்துட்டா, ஏமாறப்போறது பெரும்பாலும் பொம்பளைங்கதான். யோசிச்சுப் பாருங்க, இந்துக் குடும்பத்துல விதவைக்குச் சொத்துல ஒரு பங்கு கொடுத்த சட்டமே 1937-லதான் வந்தது. அதுவும் உயிரோட இருக்கிற வரைக்கும் அனுபவிக்கிற உரிமை மட்டும்தான். 1956-ல இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தப்புறம்தான், உயில் எழுதாம செத்த ஆம்பளையோட சொந்தச் சொத்துல பொண்டாட்டி, பையன், பொண்ணு, அம்மா எல்லாருக்கும் சமமா, முழு உரிமையோட பங்கு கிடைச்சுது. எங்க ஆயா கோர்ட்டு வேணாம்னு திரும்பி வந்தது, அவங்களுக்கு உரிமை இல்லாததால இல்ல. அந்த உரிமையை நிரூபிக்க ஆகுற செலவும் நாள் கூலி இழப்பும் கணக்குல இருந்த பணத்தையே தின்னுடும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

கடைசியா வந்த நாமினி

சின்னத் தொகைக்கு கோர்ட்டு வரைக்கும் போக முடியாதுங்கிறது ஆங்கிலேய அரசுக்கும் தெரிஞ்சேதான் இருந்துச்சு. 1873-ல வந்த அரசு சேமிப்பு வங்கிச் சட்டத்துல அதுக்கு ஒரு வழி வெச்சாங்க. கணக்கு வெச்சிருந்தவர் செத்து மூணு மாசத்துக்குள்ள யாரும் கோர்ட்டு ஆவணம் கொண்டு வரலைன்னா, தொகையும் ஒரு வரம்புக்குள்ள இருந்தா, உரிமை உள்ளவர்னு தனக்குத் தோணுறவருக்கு அதிகாரியே கொடுத்துடலாம். 1882-ல நாடு முழுக்க வந்த அஞ்சலக சேமிப்பு வங்கி இந்தச் சட்டத்துக்குக் கீழதான் நடந்தது.

நாமினிங்கிற யோசனையும் புதுசு இல்ல. 1938 இன்ஷூரன்ஸ் சட்டத்துல இருக்கு. 1952-ல வந்த பிஎஃப் திட்டத்துல இருக்கு. எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் பெரிய கம்பெனியில பர்மனன்டா வேலை பார்த்தவங்களுக்கு நாமினி ஃபாரம்ங்கிறது பழகின விஷயம்.

ஆனா பேங்க் கணக்குக்கு? 1969 ஜூலையில 14 வங்கிகளை தேசியமயமாக்குனாங்க. அப்ப நாடு முழுக்க சுமார் 8,300 கிளைகள் இருந்துச்சு. 1991-ல அது 60,000-ஐத் தொட்டது. எங்க தாத்தா மாதிரி ஆளுங்க முதல் தடவையா பேங்க் படியேறினது அந்தக் காலத்துலதான். ஆனா அந்தப் பரவல்ல பாதிக் காலத்துக்கு மேல, பேங்க் கணக்குக்கு நாமினி போடுற சட்டமே கிடையாது. ஒரே வழி ஜாயின்ட் அக்கவுன்ட்தான். 1983-ல நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவந்து, 1985 மார்ச்லதான் அது அமலுக்கு வந்தது.

தாத்தா கணக்கு ஆரம்பிச்சது 1991. அதாவது சட்டம் வந்து ஆறு வருஷம் ஆயிடுச்சு. கணக்கு ஆரம்பிக்க ஏற்கனவே கணக்கு வெச்சிருக்கிற ஒருத்தர் அறிமுகக் கையெழுத்து போடணும். அதை யாரோ கூட வேலை பார்த்தவர் போட்டுக் கொடுத்திருக்கார். நாமினி கட்டத்தை மட்டும் தாத்தாவும் நிரப்பல, கவுன்டர்ல யாரும் கேக்கவும் இல்ல.

நாமினி போட்டா பணம் அவருக்கா?

இங்க நம்ம எல்லாரும் தப்பா நினைச்சிட்டிருக்கிற ஒண்ணைச் சொல்லணும். நாமினின்னா சொந்தக்காரர் இல்ல.

1983-ல சர்பதி தேவி வழக்குல உச்ச நீதிமன்றம் இன்ஷூரன்ஸ் பணத்தைப் பத்திச் சொன்னது: நாமினி பணத்தை வாங்கிக்கிற கை மட்டும்தான். பணம் வாரிசுரிமைச் சட்டப்படி யாருக்குச் சேரணுமோ அவங்களுக்குத்தான். பேங்க் டெபாசிட்டுக்கும் இதே கதைதான்னு 2010-ல ராம் சந்தர் தல்வார் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. பேங்க் நாமினிகிட்ட கொடுத்தா பேங்க்கோட பொறுப்பு முடியுது. குடும்பத்துக்குள்ள இருக்கிற பங்குக் கணக்கு முடியறதில்ல.

கவனிச்சீங்களா? 1841-ல இருந்த அதே ஏற்பாடு. நாமினியும் அடிப்படையில பணம் கொடுக்கிறவருக்கான பாதுகாப்புதான். ஆனா இந்தத் தடவை அதுல குடும்பத்துக்கும் ஒரு பெரிய லாபம் இருக்கு: கோர்ட்டுக்குப் போகாம பணம் வீட்டுக்கு வந்துடும். வீட்டுக்குள்ள பிரிச்சுக்கிறது அப்புறம்.

இன்னொண்ணு. நம்ம வயசுக்காரங்க செய்யற குறுக்குவழி ஒண்ணு இருக்கு. "அப்பாவோட ஏடிஎம் பின் தெரியும், எடுத்துட்டாப் போச்சு." கணக்கு வெச்சிருந்தவர் செத்த நிமிஷமே, அந்தக் கார்டைப் பயன்படுத்த அவர் கொடுத்த அனுமதியும் முடிஞ்சிடுது. அக்கா, தங்கச்சி, அம்மா யாராவது நாளைக்குக் கேள்வி கேட்டா, போலீஸ் வரைக்கும் போகலாம். செய்யாதீங்க.

சான்றிதழ் இல்லாத சாவு

பேப்பர் கேக்குறதோட எல்லை எதுன்னு தெரிஞ்சுக்க, கொஞ்சம் ஐரோப்பா பக்கம் போயிட்டு வரலாம்.

இரண்டாம் உலகப் போருக்கு முன்னாடி, நாஜிகளுக்குப் பயந்த யூதக் குடும்பங்கள் பலது சுவிட்சர்லாந்து வங்கிகள்ல பணம் போட்டு வெச்சாங்க. போர் முடிஞ்சு, தப்பிச்ச பிள்ளைகள் போய்க் கேட்டப்போ, அப்பாவோட இறப்புச் சான்றிதழ் கொண்டு வான்னு சில வங்கிகள் சொன்னது. அவுஷ்விட்ஸ் முகாம்ல கொல்லப்பட்டவருக்கு யார் சான்றிதழ் கொடுப்பா? ஐம்பது வருஷம் இழுத்துச்சு. 1998-ல அமெரிக்காவுல நடந்த வழக்குல சுவிஸ் வங்கிகள் 125 கோடி டாலர் தர ஒத்துக்கிட்டாங்க. அமெரிக்க மத்திய வங்கியோட முன்னாள் தலைவர் பால் வோல்க்கர் தலைமையில போட்ட குழு, 1999 டிசம்பர்ல அறிக்கை கொடுத்தது. நாஜி வன்கொடுமைக்கு ஆளானவங்களோட தொடர்பு இருக்கலாம்னு சந்தேகப்பட வேண்டிய கணக்குகள் மட்டும் சுமார் 54,000.

எங்க ஆயா கதைக்கும் அதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனா ஒரு பாடம் பொது. நிரூபிக்கிற பாரம் முழுக்க குடும்பத்து மேல இருந்து, தாமதத்துக்கு பேங்க் எந்த விலையும் கொடுக்க வேணாம்னா, பணம் பேங்க்லயே தங்கிடும். யாரும் திட்டம் போட்டுத் திருடணும்னு அவசியமே இல்ல.

நம்ம கடற்கரையில இதுக்கு இன்னொரு வடிவம் இருக்கு. கடலுக்குப் போனவர் திரும்பி வரலைன்னா உடம்பும் கிடைக்காது, இறப்புச் சான்றிதழும் கிடைக்காது. 1872-ஆம் வருஷத்து சாட்சியச் சட்டப்படி, ஏழு வருஷம் அவரைப் பத்தி எந்தத் தகவலும் இல்லைன்னாதான் இறந்துட்டதா கோர்ட்டு எடுத்துக்கும். புதுச் சட்டத்திலும் அதே ஏழு வருஷம்தான். 2008-ல ரிசர்வ் வங்கி இதுல கொஞ்சம் இறங்கி வந்தது. ஒரு வரம்புக்கு உட்பட்ட தொகைன்னா, போலீஸ் எஃப்ஐஆர், ஆள் கிடைக்கலைன்னு போலீஸ் தர்ற அறிக்கை, ஒரு பொறுப்புக் கடிதம், இவ்ளோ போதும்னு வங்கிகள்கிட்ட சொன்னது. எண்ணூர் குப்பங்கள்ல யாருக்காவது இது தேவைப்பட்டா, தயவுசெஞ்சு சொல்லுங்க. தெரியாமலே விட்டவங்க இருப்பாங்க.

பத்து வருஷம் தொடாத கணக்கு

திரும்ப தாத்தா கணக்குக்கு வரேன்.

2014-ல ரிசர்வ் வங்கி ஒரு நிதி ஆரம்பிச்சது. வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதின்னு பேர். பத்து வருஷமா யாரும் தொடாத கணக்குல இருக்கிற பணம் எல்லாம் பேங்க்ல இருந்து இந்த நிதிக்குப் போயிடும். பயப்படாதீங்க, பறிமுதல் இல்ல. எத்தனை வருஷம் கழிச்சு வந்தாலும் வாரிசு கேக்கலாம். பேங்க் கொடுத்துட்டு, நிதியில இருந்து திரும்ப வாங்கிக்கும். 2024 மார்ச் முடிவுல இந்த நிதியில இருந்த தொகை 78,213 கோடி ரூபாய். அதுல ஒரு துளி எங்க தாத்தாவோடது.

2023 ஆகஸ்ட்ல 'உத்கம்'னு ஒரு இணையதளம் வந்தது. பேரும், பான், வாக்காளர் அட்டை, பிறந்த தேதி மாதிரி ஏதாவது ஒரு விவரமும் போட்டா, எந்த பேங்க்ல கேட்பாரில்லாத பணம் இருக்குன்னு காட்டும். தேடத்தான் அது. பணம் கேக்க பேங்க்குக்குத்தான் போகணும்.

நாங்க போனப்போ ஒரு பழைய சுற்றறிக்கை எங்களைக் காப்பாத்துச்சு. 2005 ஜூன்ல, எஸ்.எஸ். தாராபூர் தலைமையிலான குழுவோட பரிந்துரைப்படி ரிசர்வ் வங்கி வெளியிட்டது. நாமினி இருந்தா வாரிசுரிமைச் சான்றிதழ், பத்திரம், ஜாமீன் எதுவும் கேக்கக் கூடாது. நாமினி இல்லைன்னாலும், ஒவ்வொரு பேங்க்கும் ஒரு தொகை வரம்பு வெச்சு, அதுக்குக் கீழ இருந்தா பொறுப்புக் கடிதத்தோட முடிச்சிடணும். ஆவணம் எல்லாம் வந்தா 15 நாள்ல கொடுக்கணும். எங்க கிளையில முதல்ல 'கோர்ட்டு சான்றிதழ்'னுதான் சொன்னாங்க. இந்தச் சுற்றறிக்கையை அச்செடுத்துட்டுப் போய்க் காட்டினப்புறம்தான் பேச்சு மாறுச்சு. அந்த அதிகாரியே உட்கார்ந்து படிச்சார். "இந்த வரம்புக்குள்ளதான் வருது, நான் மேல எழுதிப் போடறேன்"னார். எழுதியும் போட்டார்.

2005-க்கு இல்லாத பல் 2025-ல முளைச்சிருக்கு. 2025 செப்டம்பர்ல ரிசர்வ் வங்கி புது உத்தரவு போட்டது. எல்லா வங்கிகளும் 2026 மார்ச் 31-க்குள்ள அமல்படுத்தணும். எல்லா பேங்க்குக்கும் ஒரே மாதிரி படிவம். நாமினி இல்லைன்னாலும் 15 லட்சம் ரூபாய் வரைக்கும் எளிய நடைமுறை, கூட்டுறவு வங்கின்னா 5 லட்சம். அந்த வரம்புக்குள்ள மூணாவது ஆள் ஜாமீன் கேக்கக் கூடாது. முக்கியமானது இது: ஆவணம் முழுசா கொடுத்து 15 நாள்ல முடிக்கலைன்னா, தாமதத்துக்கு பேங்க் வட்டி கொடுக்கணும். ரிசர்வ் வங்கியோட 'வங்கி விகிதம்', அதுக்கு மேல வருஷத்துக்கு 4 சதவீதம். லாக்கர்னா நாளொன்றுக்கு 5,000 ரூபாய்.

இது ஏன் எனக்குப் பெருசா தெரியுதுன்னா, 1841-ல இருந்து தப்பான ஆளுக்குக் கொடுத்தா மட்டும்தான் பேங்க்குக்கு நஷ்டம். சரியான ஆளுக்குத் தாமதமா கொடுத்தா ஒண்ணும் இல்ல. அப்படி இருந்தா எந்த அதிகாரியா இருந்தாலும் தாமதத்தைத்தான் தேர்ந்தெடுப்பார். இப்பதான் தாமதத்துக்கும் ஒரு விலை வந்திருக்கு. நடைமுறையில எப்படி வேலை செய்யுதுன்னு நாமதான் கேட்டுக் கேட்டுப் பார்க்கணும்.

2025 நவம்பர் 1-ல இருந்து ஒரு கணக்குக்கு நாலு நாமினி வரைக்கும் போடலாம். டெபாசிட்டுக்கு இவருக்கு இத்தனை சதவீதம்னு பிரிச்சும் எழுதலாம். ஒருத்தருக்குப் பின்னாடி ஒருத்தர்னு வரிசையாவும் போடலாம்.

கம்மல்

2024-ல பணம் வந்துச்சு. வட்டியோட சேர்த்து பதினேழாயிரத்துச் சொச்சம். ஆயா, அப்பா, அத்தை, சித்தி, அவங்க பொண்ணு, அஞ்சு பேரும் கையெழுத்து போட்டு ஆயா கணக்குக்கே அனுப்பச் சொன்னோம்.

நான் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். போட்டிருக்கக் கூடாது. 1998-ல ஒரு சவரன் தங்கம் மூவாயிரம் ரூபாய்ப் பக்கம். தாத்தா விட்டுட்டுப் போன 6,840 ரூபாய்க்கு ரெண்டு சவரன் வந்திருக்கும். 2024-ல பதினேழாயிரத்துக்கு மூணு கிராம்கூட வரல. யாரும் அந்தப் பணத்தைத் திருடல. பேங்க் ஒழுங்கா வட்டி போட்டிருக்கு, ரிசர்வ் வங்கி பத்திரமா வெச்சிருக்கு. எல்லாரும் விதிப்படி நடந்திருக்காங்க. ஆனா ரெண்டு சவரன் மூணு கிராமுக்கும் கீழ இறங்கிடுச்சு.

ஆயாகிட்ட இதை நான் சொல்லல. தண்டையார்பேட்டையில ஒரு கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். சின்னதா ஒரு ஜோடி எடுத்துச்சு. கண்ணாடியில ரொம்ப நேரம் பார்த்துட்டு, "அந்த மனுசன் இதைவிடப் பெருசா சொல்லிட்டு இருந்தாரு"ன்னுச்சு. அப்புறம் பில்லை வாங்கி மடிச்சு பர்ஸுல வெச்சுக்கிச்சு.

இன்னிக்கு நைட் ஒரே ஒரு வேலை பண்ணுங்க. உங்க பேங்க் ஆப்பைத் திறந்து நாமினி இடத்துல யார் பேர் இருக்குன்னு பாருங்க. அப்புறம் உங்க அம்மா, அப்பா, தாத்தா, ஆயா கணக்கையும் பாருங்க. பேர் இருந்தா, அந்தப் பேர் ஆதார்ல இருக்கிற மாதிரியே இருக்கான்னு பாருங்க. காலியா இருந்தா, அவங்க கூட ஒரு நாள் கிளைக்குப் போயிட்டு வாங்க. செத்துப்போனவங்க பணத்தைப் பத்திப் பேசுறது வீட்டுல சங்கடமாத்தான் இருக்கும். எங்க வீட்டுல அந்தச் சங்கடத்தைத் தள்ளிப்போட்டதுக்கு என்ன விலைன்னு சொல்லிட்டேன்.